பெட்டி மூடுமுன்

தம்பி,

அப்பா நேற்று இறந்துவிட்டார். இன்று பின்னேரம் மூன்று மணிக்கு அடக்கம். நீ போனை நிறுத்தி வைத்திருக்கிறாய். அதனால் இதை மச்சானிடம் சாவகச்சேரிச் செபவீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன்.

அவர் படுக்கையில் கிடந்தபோதே சொன்னாய்: "நான் முடி வெட்டாமல் நாசீர் நேர்ச்சையில இருக்கிறன். நாசீர் எண்டால் எபிரேயத்தில கடவுளுக்கெண்டு பிரிச்சு வைச்சவன். தகப்பன் செத்தாலும் கிட்டப் போகேலாது."

நான் எஞ்சின் திருத்துகிறவன். கையேட்டைக் கடைசிவரை வாசிக்காமல் கை வைப்பதில்லை. விவிலியத்தில் நாசீர் நேர்ச்சையைச் சொல்லும் அதிகாரத்தையும் கடைசிவரை வாசித்தேன். சாவால் தீட்டுப்பட்டால் தலையை மழித்து, நேர்ச்சையை முதலிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறது. அப்பாவை அப்படித் தொடங்க முடியாதடா.

"சின்னவன் வந்து முத்தம் குடுத்துக் கொஞ்சாமல் பெட்டி மூட விடமாட்டன்" என்று அம்மா மூடியைப் பிடித்தபடி இருக்கிறா. அவவின் கையை என்னால் விலக்க முடியாது.

மச்சானிடம் இரண்டாவது ஹெல்மெட் இருக்கிறது. முடியை உள்ளே திணித்துக்கொண்டு ஏறு.

அண்ணன்