என் குரல், அவள் முகம்

மார்ச் 3
கல்லூரிப் பெண் இன்றும் கேமராவோடு வந்தாள். எங்கள் சலவைக் கடையைப் படம் எடுத்துக் காட்டுவதுதான் அவளுக்குப் பரீட்சையாம். இடுப்பு ஒடிவது எங்களுக்கு, மதிப்பெண் அவளுக்கு.
"இதனால உலகம் மாறிடுமா?" என்றேன்.
"மாறாது ஐயா. ஒருத்தரை ஒருத்தர் பார்ப்பாங்க."
வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

மார்ச் 9
இஸ்திரி போட்டுக்கொண்டே நிறையப் பேசினேன். பள்ளிக்கூடம் போகாமல் பழைய செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தது, வாஷிங் மெஷினை நானே பிரித்துப் பிரித்துப் பழகியது, எல்லாம். இவ்வளவு தெளிவாக வேறு யார் சொல்வார்கள்?

மார்ச் 20
மழை. துணி காயவில்லை.

ஏப்ரல் 2
எடுத்த படத்தை முதலில் எங்களுக்குக் காட்ட வேண்டுமாம். அவர்கள் படிப்பில் அது வழக்கம். நாங்கள் வேண்டாம் என்றால் படம் வெளியே போகாது. மடிக்கும் மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக் காட்டினாள்.
அநியாயம்! பேசுவது நான். தெரிவது என் மனைவி. மடிக்கிறாள், வாயைத் திறக்கிறாள், மூடிக்கொள்கிறாள். என் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது.
"என் மூஞ்சி எங்கம்மா?"
"ஐயா, அதெல்லாம் அம்மாகிட்ட கேட்ட கேள்வி. நீங்கதான் பதில் சொன்னீங்க."
இந்த வேலையில் உங்களுக்கு என்ன கஷ்டம் என்று இவளிடம் கேட்டிருக்கிறாள். 'அவளுக்கு ஒரு குறையும் இல்ல' என்கிறது என் குரல்.
வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3
சோற்றைப் போட்டுவிட்டு இவள் சொன்னாள்: "அது என் மூஞ்சி. போகட்டும்."
இவளா! யார் சொல்லிக் கொடுத்தது?

ஏப்ரல் 6
சரி என்றேன். இவளுக்காக ஒன்றும் இல்லை. அந்தப் பெண் ஃபெயிலாகி, அந்தப் பழி நமக்கு எதற்கு?

ஏப்ரல் 18
கல்லூரியில் படத்தைப் போட்டார்கள். என் குரல் வரும்போதெல்லாம் பிள்ளைகள் சிரித்தார்கள். காது சுட்டது. முடிந்ததும் ஓர் ஆசிரியை இவளிடம், "உங்களுக்கு என்ன வேணும்மா?" என்றார். என் வாய் தானாகத் திறந்தது. தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு!
"கொஞ்ச நாள் நிக்காம இருக்கணும். கால் வீங்குது. தங்கச்சி வீட்ல போய் உட்காரணும்."
கால் வீங்குதா? எப்போலேருந்து? என்கிட்ட ஏன் சொல்லல?
பஸ்ஸிலும் கேட்கவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 22
இவள் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். கடையில் நான் மட்டும். படத்தில் என் முகமும் இருந்திருக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.
பக்கத்துக் கடைத் தையல்காரன் வந்து துருவினான்: "அண்ணி எங்கண்ணே? உங்க மேல கோவமா? எப்ப வருவாங்க?"
பதில் நாக்கு நுனி வரை வந்தது.
"வந்ததும் அவகிட்டயே கேளுடா" என்றேன்.