மூணு இறக்கைப் படம்

மச்சான்,

நேற்று வானவடி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். அந்த அறைக் கதவில் மஞ்சள் ஸ்டிக்கர், அதில் கறுப்பாக மூணு இறக்கை. பார்த்ததும் கால் வலி மறந்துபோச்சு. "இந்தப் படத்தைப் பற்றி புனேயிலேயே என் அளவுக்குத் தெரிந்தவன் கிடையாது" என்று நர்ஸிடம் ஆரம்பித்தேன். "அங்கிள், கால நீட்டுங்க" என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். "துருவும் மண்ணும் கழிச்சு எடை போடற மாதிரி, உன் பேச்சுல பாதியக் கழிக்கணும்டா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாயே.

அன்றைக்கு ஒரு மத்தியானம் கட்கியில் உன் பழைய இரும்புக் கடைக்கு ஒரு டப்பா வந்தது. மூடிக் கிடந்த ஏதோ ஆஸ்பத்திரியிலிருந்து களவு போய், கை மாறி கை மாறி வந்தது என்பதெல்லாம் நமக்குப் பிறகு தெரிந்ததுதான். பார்க்கப் பானை அளவு, தூக்கினால் யானைக் கனம். நாலு பேர் திணறினதை நான் ஒற்றைக் கையால் தூக்கி வைத்தேன். சரி, கழித்துக்கொள். நாம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் உருட்டினோம்.

மேலே தேய்ந்துபோன அதே படம். "ஏதோ ஃபேன் கம்பெனி மார்க்கு. உள்ள மோட்டார் இருக்கும், செம்பு இருக்கும்" என்றாய். ஆனாலும் நீ அவசரக்காரன் இல்லை. நம் அப்பாக்கள் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்து, பத்து விரலோடு வீடு திரும்பினவர்கள். அவர்கள் சொல்லித் தந்தபடியே பீடியை அணைத்தாய், மோந்து பார்த்தாய், வாளித் தண்ணீரைக் கொட்டி ஊறவைத்தாய். "மருந்து வாசனையே இல்ல மச்சான். வெடிக்காது."

வெடிக்கத்தான் இல்லை.

நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் உளி வேலை முடிந்திருந்தது. சுண்டுவிரல் நீளத்தில் பளபளவென்று ஒரு குச்சி உன் கையில். "எவர்சில்வர்டா, சாவிக்கொத்துல மாட்டலாம்" என்று பேண்ட் பையில் போட்டுக்கொண்டாய்.

சாயந்திரமே வாந்தி. வடாபாவ் மேல் பழி போட்டோம். தொடை வெந்தது மாதிரி சிவந்தபோது டாக்டர் களிம்பு கொடுத்தார். தலைமுடி கொத்தாகக் கழன்ற பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருவர், பையில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டார். புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிற சாமானாம் அது; மேலே இருந்த மூணு இறக்கை, கதிர் அபாயத்துக்கு எச்சரிக்கையாம். தடித்த ஈயத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதை நீ தொடையோடு ஒட்டி வைத்துத் தூங்கியிருக்கிறாய். கருவியோடு ஆட்கள் வந்தார்கள். உன் தராசு, செருப்பு, உட்காரும் ஸ்டூல், துணிமணி எல்லாம் டிரம்மில் போட்டு மூடிக் கொண்டுபோனார்கள். மோந்து பார்க்கக்கூட, உன்னைக் கட்டின என் தங்கச்சியிடம் உன் சட்டை ஒன்று இல்லை.

நீ போவதற்கு முன் கடைசியாக, ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் கேட்டாய்: "வெடிக்கலையேடா, அப்புறம் எப்படிடா?"

உன் கதையைப் பழைய இரும்புக் கடை ஒவ்வொன்றிலும் சொல்லிப் பார்த்துவிட்டேன். "காகா, கால் தும்ஹி வாக் பகட்லா ஹோதா நா?" நேற்று புலி பிடிச்சீங்களே என்கிறான் ஒருத்தன். புலியும் பிடிப்பேன், இதுவும் நிஜம் என்றால் இன்னும் சிரிக்கிறார்கள். அந்த ஒற்றைக் கையைத் தவிர இதில் நான் எதையும் சேர்த்ததில்லை, மச்சான்.

நேற்று திரும்பும் வழியில் மஞ்சளும் கறுப்பும் பெயிண்ட் வாங்கி, என் வீட்டுச் சுவரில் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு வரைந்தேன். பழைய இரும்பு வண்டியெல்லாம் அந்த வழியாகத்தானே போகும். நின்று கேட்டால் சொல்லலாம் என்று விடிந்ததும் வாசலில் உட்கார்ந்தேன். வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் ஒரு அம்மாள் நின்றார், கையில் ஓடாத டேபிள் ஃபேன். "பய்யா, பங்க்கா ரிப்பேர் கர்தே ஹோ க்யா?"

ஃபேன் ரிப்பேர் கடை இல்லை என்று அனுப்பிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். வெடிக்கலையேடா, அப்புறம் எப்படிடா? உன்னுடையதில் டிரம்முக்குள் போகாமல் என்னிடம் மிஞ்சினது அந்தக் கேள்வி ஒன்றுதான்.