கொம்பு வைத்த இரண்டு வண்டுகள்

சிதறால்,
செப்டம்பர் 1933

அன்புள்ள அத்தானுக்கு ஞானபாய் எழுதுவது. கண்டியில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிச் சட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாங்கள் சுகம். பசுவும் நம் தொழுவத்தில்தான் நிற்கிறது.

பசுவைப் பற்றி எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் தென்னைகள் குருத்து வெட்டுப்பட்டு ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. நம் சாணத்தில் கொம்புள்ள கறுப்பு வண்டுகளைக் கண்டதும் அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. "எனக்க தென்னையைத் தின்னுகது உனக்க தொழுவத்து வண்டுதாம் பிள்ளே. மாட்டை வித்துப்போடு, இல்லேன்னா கிணத்துப் பக்கம் வராதே" என்று வேலியில் நின்று கத்தினார். அவர் கிணற்றை விட்டால் நமக்குத் தண்ணீர் ஏது? சின்னவளோ அம்மை கண்டு எழுந்தபின் பால் ஒன்றைத்தான் குடிக்கிறாள். அழுதுவிட்டு, மாட்டைச் சந்தைக்குக் கொண்டுபோக ஆள் சொல்லிவிட்டேன்.

அதற்குள் ஓண விடுமுறைக்கு உங்கள் தம்பி குமாரதாஸ் திருவனந்தபுரம் காலேஜிலிருந்து வந்தான். தொழுவத்து வண்டு ஒன்றையும், தென்னங்குருத்திலிருந்து கம்பியால் குத்தி எடுத்த வண்டு ஒன்றையும் வாழையிலையில் வைத்து, அண்ணாச்சியையே பார்க்கச் சொன்னான். கொம்பு இரண்டுக்கும் இருந்தது. ஆனால் தென்னை வண்டு நீளம். அடிவயிற்றில் செம்பட்டை மயிர். முதுகில் இறக்கைகள் சேருமிடத்தில் சின்ன முக்கோணத் தகடு. நம்முடையது சின்னது, குட்டை. அந்தத் தகடே இல்லை. தலை மண்வெட்டி போலத் தட்டை, முன்கால்கள் அகன்று பல் வைத்தவை. "இது காப்ரிஸ் என்கிற இனம் அண்ணாச்சி, நம்ம மண்ணுக்குள்ளதுதான். சாணியை மண்ணுக்குள்ள உருட்டி வச்சு அதிலே முட்டையிடும். குருத்தைக் கடிக்க இதுக்கு வாய் கிடையாது" என்றான்.

அண்ணாச்சி நம்பவில்லை. தொழுவத்தைத் தோண்டினார், சாண உருண்டைகள்தான் வந்தன. பிறகு இருவரும் அவர் தோட்டத்தில் இடி விழுந்து மட்கிக் கிடந்த தென்னந்தடியைப் பிளந்தார்கள். உள்ளே கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், கூடவே அந்த முக்கோணத் தகடு வண்டுகள். அண்ணாச்சி தடி முழுவதையும் எரித்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி பூங்கனி அக்காள் நிறைகுடத்தோடு வந்தாள். "மாட்டை விக்காதே மக்கா, அவருக்க வாயைப் பொறுத்துக்கோ" என்றாள். குடத்தை வாங்கி உள்ளே வைத்தேன் அத்தான். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போக வந்த ஆளைக் கஞ்சி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

தம்பி திங்கட்கிழமை காலேஜுக்குத் திரும்புகிறான். சின்னவள் அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள். அப்பா இல்லை, சித்தப்பா என்று சொல்லிக்கொடுத்தால், அப்பா யார் என்று கேட்கிறாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டுப் பாருங்கள். கர்த்தர் உங்களைக் கடல் கடத்திக் கொண்டுவரட்டும்.

உங்கள்
ஞானபாய்