சூளைக்குள் கண் திறந்தவள்

விருத்தகிரீஸ்வரர் துணை

விருத்தாசலம்
12-9-72, செவ்வாய்

அன்பு மகன் தேவநாதனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் உன் மகள் அம்சவல்லியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பிலாயில் நீயும் மருமகள் விருத்தாம்பாளும் அப்படியே இருக்க அந்த ஈஸ்வரன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மனசு மட்டும் நல்லா இல்லை தம்பி. அம்சவல்லி வேலை பார்க்கிற பீங்கான் பட்டறை முதலாளி மாணிக்கவேல் உனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கானாம், அது முந்தி வருமோ இது முந்தி வருமோ தெரியாது. அவன் எழுதினதை நம்பிப் பொண்ணைத் திட்டி எதுவும் எழுதிவிடாதே, முதலில் இதை முழுசாகப் படி.

பேய் பொம்மை செய்கிறதை விட்டுவிட்டுத் தையல் கற்றுக்கொள்ளச் சொல் என்று போன மாசம் எழுதியிருந்தாய். நீ அதைக் கண்ணால் பார்க்கவில்லை. பொம்பளை முகம், தலையில் மான் கொம்பு, முதுகில் கிளி றெக்கை, இடுப்புக்குக் கீழே மீன் வால். யார் சொல்லியும் செய்யவில்லை, எந்தப் படத்தைப் பார்த்தும் செய்யவில்லை, அவள் மனசில் வந்தது. முதலில் செய்த நாலும் பட்டறை வாசலிலேயே விற்றுப் போய்விட்டது. சிதம்பரத்தில் காலேஜ் படிக்கிற பையன்கள் பஸ் ஏறி வந்து இன்னும் இருக்கா, இதுக்குப் பேரு என்ன என்று கேட்டு நிற்கிறார்கள், ஒருத்தன் அதன் மேல் பாட்டே கட்டிக்கொண்டு வந்தான். வாத்தியார் வூட்டு ராஜாம்பாள் கொலுவுக்கு ஒன்று வாங்கிப்போய் மறுநாளே தூக்கிக்கொண்டு வந்தாள், இது சாமியா மனுஷியா மிருகமா, எந்தப் படியில வெக்கறது நீயே சொல்லுடி என்று கேட்டாள். அதுக்குன்னு தனியா ஒரு படி கட்டிக்குங்க மாமி என்றாள் உன் மகள். ராஜாம்பாளுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சு, ஆனால் பொம்மையைத் திருப்பித் தரவில்லை, முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அஞ்சாங் கிளாஸோடு நின்ற பொண்ணுக்கு இதுக்கெல்லாம் அர்த்தம் சொல்லத் தெரியுமா. உலகத்தில் இல்லாத ஒன்று நம்ம வூட்டுப் பொண்ணு கையில் உண்டாகி, அதை ஊர் நின்று பார்க்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுதான் இப்போது வினையாக வந்து நிற்கிறது.

மாணிக்கவேலுக்குக் கரண்டு ப்யூஸ் மாட்டுகிற பீங்கான் கட்டை செய்து தர பெரிய ஆர்டர் வந்தது. அந்தச் சூளையிலேயே இவளுடைய பதினோரு பொம்மையும் ஏற்றினார்கள். அங்கே ஒரு வழக்கம், உருவம் எதுவானாலும் வெந்து வெளியே வந்த பிறகுதான் கண் எழுதுவார்கள். இவளோ, கண்ணும் நெருப்பில் போனால்தான் மின்னும் என்று முன்னாலேயே எழுதிவிட்டாள். நெருப்புப் போடுகிற பச்சமுத்து அப்போதே முறைத்தாராம், கண்ணு தெறந்ததை யாராவது சுடுவாங்களா பாப்பா என்று. ரெண்டு நாள் எரித்து, வியாழக்கிழமை காலையில் சூளை வாயை மண் பூசி அடைத்து ஆறப்போட்டார்கள். சனிக்கிழமை பிரித்தால் முன் வரிசைக் கட்டை அத்தனையும் விரிசல். பின்னால் பதினோரு பொம்மையும் ஒரு கீறல் இல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவ்வளவுதான், கண்ணு தெறந்ததுதான் சூளையை முழுங்கிடுச்சு என்று பட்டறையே கத்துகிறது. அந்தப் பொண்ணு இருக்கிற எடத்துல இனிமே நெருப்பு வெக்கமாட்டேன் என்று பச்சமுத்து உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் எல்லார் எதிரிலும் அவளே தன் கையால் பதினொன்றையும் உடைத்து மன்னிப்புக் கேட்டால் மண் பிசைய வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் சேர்க்காது என்று மாணிக்கவேல் சொல்லிவிட்டான். இவள் வூட்டுக்கு வந்து, நெஜமாவே நான் செஞ்ச பாவந்தானா ஆயா என்று என்னைக் கேட்கிறாள். மூணு நாளாகப் பொம்மை வரைகிற பென்சிலைத் தொடவில்லை.

தேவா, அந்தப் பாவம் அவளுடையது இல்லை, என்னுடையது. வியாழக்கிழமை மத்தியானம் அவளுக்குச் சோறு கொண்டு போனேன். சூளைப் பக்கம் ஒருத்தரும் இல்லை. முன்சுவரில் உள்ளே பார்க்க ஒரு ஓட்டை உண்டு, செங்கல் துண்டு வைத்து அடைத்திருப்பார்கள். அந்தக் கண்ணு நெருப்புல எப்படி இருக்கும் தெரியுமா ஆயா என்று வாரம் பூரா சொன்னாளே, ஒரே ஒரு தரம் பார்க்கலாம் என்று முந்தானையைச் சுருட்டிப் பிடித்து அந்தச் செங்கலை உருவிவிட்டேன். உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது, அதுக்குள்ளே அந்தப் பதினோரு பேரும் நின்றார்கள். சந்நிதியில்கூட நான் அப்படி நின்றதில்லை. எத்தனை நேரம் நின்றேனோ, செங்கல் கையைச் சுட்டுக் கீழே விழுந்து ரெண்டாகப் போச்சு. பாதியை மட்டும் செருகிவிட்டு, மீதி ஓட்டை திறந்தபடியே வந்துவிட்டேன். சூடு தணியுமுன்னே காற்றுப் புகுந்தால் கிட்டத்தில் இருக்கிற பீங்கான் வெடிக்கும் என்று ஞாயிற்றுக்கிழமைதான் அவளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பவே சொல்லியிருக்கணும். இந்தத் தெருவில் யார் முன்னாலும் நான் தலை குனிந்ததில்லை, உனக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை நான் போகிறேன். நான் செருகின பாதி ஓட்டையிலேயே இருக்கிறது, செங்கலின் மறுபாதி விறகுக்கு நடுவே அங்கேயே கிடக்கிறது, நேற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். ரெண்டையும் பச்சமுத்து கையில் கொடுத்துப் பொருத்திப் பார்க்கச் சொல்வேன். கிழவி பேத்திக்காகப் பொய் சொல்லுது என்பார்களோ, இல்லை என்னைக் காறித் துப்புவார்களோ, எதுவானாலும் சரி. நீ தந்தி அடித்துத் தடுக்க நினைக்காதே, இது உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். திட்டுகிறதானால் என் பேருக்கு எழுது. அம்சவல்லிக்கு எழுதும்போது அந்தப் பொம்மையில் ஒன்று உனக்கு வேண்டும் என்று கேட்டு எழுது, மறந்துவிடாதே.

நீங்கள் ரெண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்கணும், மருமகளை வேளைக்குச் சாப்பிடச் சொல். வெள்ளிக்கிழமைக்கு என்று உன் மகள் இன்றைக்கே சுத்தியலைத் துடைத்து வாசப்படி ஓரம் வைத்திருந்தாள். அதை நான் அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டேன்.

இப்படிக்கு உன் அம்மா
காசியம்மாள்