லைனில் அடுத்த ஆள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். செல்லில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டே, "வானத்துல இவ்ளோ நட்சத்திரம் கீது, எங்கியும் ஆள் இருக்கிற மாதிரி ஒரு தடயம்கூட கிடைக்கலியாம். ஏன்க்கா?" என்றாள். எனக்குத் தலைவலி. "இருந்தா இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். யாரும் இல்ல," என்றேன்.

சுங்குவார்சத்திரத்தில் இறங்கும்போது தூசிக்காகத் துப்பட்டாவால் தலையையும் வாயையும் மூடினாள். அப்போதுதான் அந்தக் கண்ணை அடையாளம் தெரிந்தது. ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் எனக்கு அடுத்த ஆள். பொங்கலிலிருந்து தினமும் நான் சர்க்யூட் போர்டை நீட்டுகிறேன், அவள் வாங்குகிறாள். உள்ளே எல்லோருக்கும் தொப்பி, மாஸ்க், கோட்டு. கண் மட்டும்தான் வெளியே தெரியும். அவளுக்கும் என்னைத் தெரியவில்லை.

எப்படி இருப்பார்கள் என்றே தெரியாமல் தேடினால், பக்கத்தில் இருந்தாலும் எப்படித் தெரியும்? அவள் கேட்டதற்கு இதைச் சொல்லியிருக்கலாம். பஸ் நகர்ந்துவிட்டது.

நேற்றுதான் அம்மாவிடம், இங்கே பேசக்கூட ஒரு ஆள் கிடையாது, ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று அழுதேன். சரி வா என்றாள்.

நாளைக்குப் போர்டை நீட்டும்போது பேரைக் கேட்க வேண்டும். மெஷின் சத்தத்தில், மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டால் அவளுக்குக் காதில் விழுமோ என்னவோ.