நான் சொல்லிவைத்த சம்மதம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் நேற்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தப்பு என்னுடையது. போனில் சொன்னால் நீ ஒரு கேள்வி கேட்பாய், நான் சட்டென்று போனை வைத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நகராட்சியில் உங்கள் இளைஞர் குழுக் கூட்டம். நம் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் மனு அதே கட்டிடத்தில் கிடக்கிறது, வாயைக் கொடுத்து வம்பை வாங்காதே, வராதே என்று நான் தடுத்தேன், நீயும் அரைமனதாகச் சரி என்றாய். அதோடு விட்டேனா? போன வாரம் நான் கூட்ட அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இளைஞர் நல அதிகாரி வந்து, மகள் வருகிறாளா என்று கேட்டார். பரீட்சை என்று ஒரு பொய் சொன்னேன். கூடவே, "நீங்க பாத்து எது செஞ்சாலும் எங்களுக்குச் சம்மதந்தான் சார்" என்று இளித்துவைத்தேன். இந்த நாட்டுக்கு வந்து பதினெட்டு வருஷமாக எந்த மேசைக்கு முன்னால் நின்றாலும் என் வாயில் வருவது அதுதான்.

நேற்று ஓர் அறிக்கையைக் கொடுத்து முப்பது பிரதி எடுத்துப் பின் அடிக்கச் சொன்னார்கள். இன்னும் நடக்காத கூட்டத்தின் முடிவு அதில் அச்சாகியிருந்தது. நிரந்தர அனுமதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இனி நகராட்சியின் தொழிற்பயிற்சியில் இடமில்லையாம். வெளியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளின் பிரதிநிதியும் இதற்குச் சம்மதித்தார் என்று போட்டு உன் பெயர். உன் தம்பி எலக்ட்ரீஷியன் பயிற்சிக்கு மனு போட்டுவிட்டு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஏழெட்டுப் பிரதிக்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.

இன்று காலை அந்த இளைஞர் நல அதிகாரியின் அறைக்குப் போனேன். அது அவள் சொன்னதில்லை, நான் சொன்னது, அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. அவளே நேரில் வந்து சொன்னால்தான் மாற்ற முடியும் என்றார். பிறகு, உங்கள் அனுமதி மனு இன்னும் முடியவில்லை இல்லையா என்று சும்மா விசாரிப்பதுபோல் விசாரித்தார். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நீ வா. கூட்டம் பத்து மணிக்கு, வியாழன் மத்தியானமே பஸ் ஏறிவிடு, வெறும் வயிற்றோடு கிளம்பாதே. அனுமதி என்னவாகுமோ தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ நிமிர்ந்து வாழ அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். ஒன்றை மட்டும் மறக்காதே. அன்று தண்ணீர் வைக்கிற வேலை எனக்கு, சுவரோரமாக நிற்பேன். பேசும்போது என் பக்கம் திரும்பாதே. திரும்பினால் என் முகம் உன்னை உட்காரச் சொல்லிவிடும்.

இப்படிக்கு,
உன் அப்பா