உப்பும் சீனியும் சேர்ந்து போகும் வாசல்

நானா,

நேற்று மகளின் பாடசாலைக் கண்காட்சியில் என் மானம் போனது. மேசையில் ஒரு குவளைத் தண்ணீர் இருந்தது. வந்தவர்களுக்கு வைத்ததாக்கும் என்று மடமடவென்று குடித்துவிட்டேன். "ஐயோ அப்பா, அது காட்சிக்கு வச்சது!" என்றாள். உப்பும் சீனியும் நாக்கில் பட்டதும் உங்கள் முகம்தான் கண்ணில் வந்தது.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த நாலாம் நாள். நாங்கள் அகதியாகக் கிடந்த பள்ளிக்கூடத்துக்கு, உங்கள் காத்தான்குடித் துணிக்கடையில் தப்பிய லுங்கிச் சாரங்களைக் கொடுக்க வந்தீர்கள். என் மடியில் இரண்டு வயது மகள், வயிற்றோட்டத்தில் கண் குழிவிழுந்து துவண்டு கிடந்தாள். நானோ பெரிய வைத்தியப் பரியாரி போல் அவளுக்குத் தண்ணீரை மறித்து வைத்திருந்தேன்.

"குடுக்கக் குடுக்கப் போகுது நானா."

"வயல் வட்டை காயுது, நீ மதகப் பூட்டிப்போட்டு நிக்காய்! எண்ட மூத்த புள்ளைக்கும் நான் இப்படித்தான் தண்ணிய மறிச்ச. புள்ள கையவிட்டுப் போயிட்டு."

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர், ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்றீர்கள். நான் பதற்றத்தில் உப்பை அள்ளிப் போட்டேன். நக்கிப் பார்த்துத் துப்பினீர்கள். "இன்னொரு கடலா? கண்ணீரவிட உப்பாக் கூடாது தம்பி." திரும்பக் கரைத்தோம். பின்னேர அஸர் பாங்கு வரை கரண்டி கரண்டியாக ஊற்றினோம். கக்கினாள், பொறுத்து ஊற்றினோம். பிறகு, நீங்கள் தந்த புதுச் சாரம் நனைய என் மடியில் மூத்திரம் பெய்தாள். "வெண்டிட்டம் தம்பி!" என்று நீங்கள் துள்ளியதில் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த பிறகு சாரக்கட்டோடு எங்கள் ஊருக்கு வருவீர்கள். அவளைக் கண்டால், "ஒண்ட அப்பாதான்கா ஒன்னக் காப்பாத்தின" என்பீர்கள். நானும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டு நிற்பேன். மௌத்தாகிக் கண்மூடும் வரை அதையேதான் சொன்னீர்கள்.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு நேற்றுத்தான் காரணம் விளங்கியது. குடலில் உள்ள ஒவ்வொரு கலத்தையும் ஒரு மென்சவ்வு சுற்றியிருக்கிறதாம். கண்டதையெல்லாம் உள்ளே விடாதாம். அதிலே ஒரு வாசல், உப்பும் சீனியும் சேர்ந்து வந்தால்தான் திறக்குமாம். அவை போனால் தண்ணீரும் பின்னாலே போகுமாம். மகள் சொல்லச் சொல்ல நடுவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். முதற்பரிசு நானா, முதற்பரிசு!

"ஏன் மகள் இதை எடுத்தீங்க?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

"சின்னதில என்னை எங்கட அப்பா இதாலதான் காப்பாத்தினவர்."

மண்டபம் கைதட்டியது. உப்பு நாக்கோடு நான் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். வாய் வரை வந்தது: 'மகள், மதகைப் பூட்டினவன் நான். திறந்தது அந்தச் சாரக்காரர்.'